சீனி டின் இருக்கும் இடம்

அக்காவின் சீனி டின் ஒரு பழைய பால்மா டின். அடுப்புக்கு மேலே உள்ள தட்டில், தேயிலைத்தூள் போத்தலுக்குப் பக்கத்தில், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. போன மாதம் லீவில் போயிருந்தபோது அந்தத் தட்டைப் பார்த்தபடி அக்கா நின்றாள். அவள் கண் டின்னின் மேல் பட்டது, தாண்டி ஜன்னலுக்குப் போனது, தூள் போட்டு முடித்த போத்தலுக்கே திரும்பி வந்தது. பார்வைக் குறைவு என்று நினைத்து, இரத்தினபுரிக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். கண்ணாடி போட்டும் அப்படித்தான். மறதி நோயின் தொடக்கம் என்று பிறகு ஒரு டாக்டர் சொன்னார்.

நிவித்திகலப் பக்கம் றப்பர் பால் வெட்டியவள் அவள். என் கல்யாணத்துக்கு முன் நானும் இரண்டு வருஷம் அவளோடு வெட்டினேன். என் மந்தத்தைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது. "கத்தி இந்த மரத்துல இருக்கையிலேயே கண்ணு அடுத்த மரத்துக்குப் போயிறணும் தம்பி. ஒன் கண்ணு எங்க மேயுது?" என்பாள்.

தோட்டத்து லய வீட்டை விட்டு, நான் இருக்கும் கொழும்புக்கு வரவே மாட்டேன் என்றாள். அன்றாட வேலைகளை அவளே செய்கிறாளா என்று ஒரு வாரம் பாருங்கள், அதன் பிறகு தனியாக விடுவதைப் பற்றி யோசிக்கலாம் என்றார் டாக்டர். பார்த்தேன். ஏழு நாளும், நான் எதிரே உட்கார்ந்திருக்க, தேத்தண்ணீர் பிசகாமல் வந்தது. சந்தோஷமாகப் பையைக் கட்டினேன்.

புறப்படும் காலையில் குனிந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அடுப்படியில் சத்தமே இல்லை. நிமிர்ந்தால், கோப்பையும் கையுமாக அவள் பார்த்துக்கொண்டிருந்தது தட்டையல்ல, என் முகத்தை. என்னை அறியாமல் நான் டின்னைப் பார்த்தேன். அவள் கண்ணும் அங்கே போனது, கையும் போனது.

"சரி, இந்தா இருக்கு."

எனக்குப் பயமாகிவிட்டது. ஏழு நாளும் தேத்தண்ணீர் ஊற்றியது அவளா, நானா? தெரிந்துதான் என் கண்ணைப் பிடித்துக்கொண்டாளா, தெரியாமலா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"பஸ் போயிரும், கெளம்பு. நான் பாத்துக்குவேன்" என்றாள்.

கீழே ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. சீனி டின் திறந்திருந்தது. அதன் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, அக்கா மறுபடியும் என் முகத்தைப் பார்த்தாள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் நின்றேன்.