கரண்ட் போனால் கடையும் கீரை

மூடி போட்ட பானையைத் துணியில் கட்டி, இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஆயோகா அம்மாள் இபாடான் நகரத்து டூக்பே சந்தைக்குள் நுழைந்தாலே மின்சாமான் கடைக்காரர்களுக்கெல்லாம் திடீரென்று வேலை வந்துவிடும். ஒருவர் காலிப் பெட்டிகளை எண்ணத் தொடங்குவார். இன்னொருவர் அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். கடைசியில் மாட்டுவது இக்கென்னாதான். அவன் கடை சந்தின் கோடியில் இருக்கிறது, பின்வாசலும் கிடையாது.

பானைக்குள் இருப்பது காலையில் வேகவைத்த எவேடுக் கீரை. அதைக் கடைக்கு நடுவில் இறக்கி வைத்து, ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, "எடு, அந்த ஹேண்ட் பிளெண்டரை. பிளக்கைப் போடு" என்பாள். பெட்டியைப் பிரித்தால் பிறகு விற்க முடியாது என்று இக்கென்னா கெஞ்சிப் பார்த்திருக்கிறான். காது கொடுத்தால்தானே. "பெட்டி மேல இருக்கிறதெல்லாம் பெட்டிக்காரன் எழுதினது. என் பானை என்ன சொல்லுதுன்னுதான் நான் பாப்பேன்."

எதை வாங்கினாலும் இப்படித்தான். இஸ்திரிப் பெட்டி வாங்கப் போனபோது புருஷனின் கசங்கின சட்டையோடு போனாள். குடை வாங்கினபோது கடைக்காரரையே ஒரு வாளித் தண்ணீரைத் தலைக்கு மேல் ஊற்றச் சொல்லி, அடியில் நிமிர்ந்து நின்றாள். மெத்தைக் கடையில் படுத்துப் பார்க்கிறேன் என்று படுத்தவள் நன்றாகத் தூங்கியே போனாள். எழுந்து, சுமார்தான் என்று சொல்லிவிட்டு வாங்காமல் வீட்டுக்கு வந்தாள்.

இபாடானில் அவள் பிழைப்பு தலை பின்னுவது. வீட்டு முன்னால் தகரக் கொட்டகை போட்டு, முக்காலியில் உட்கார்ந்து, வருகிறவளின் தலையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் பிடித்துக்கொள்வாள். பின்னி முடிக்கும்வரை அந்தத் தலைக்கு விடுதலை கிடையாது. சர்க்காரைப் பற்றி, அடுத்த வீட்டு மருமகளைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றி அவள் சொல்கிற அத்தனையையும் கேட்டுத்தான் ஆகவேண்டும். எதிர்த்துப் பேசினால் அடுத்த பின்னல் கொஞ்சம் இறுக்கமாக விழும்.

எல்லாவற்றிலும் அதிகமாக அவள் பேசுவது எவேடு கடைவதைப் பற்றி. கீரையை வேகவிட்டு, இஜாபே என்கிற, குட்டை விளக்குமாறு மாதிரியான ஈர்க்குக் கட்டு ஒன்றை விட்டுப் பானையிலேயே அடித்துக் கடைய வேண்டும். அகப்பையில் மொண்டு உயர்த்தினால் இழை அறாமல் பானைவரை தொங்க வேண்டும். அமாலாக் களியைக் கிள்ளித் தோய்த்தால் அது தானாகத் தொண்டையில் இறங்க வேண்டும். மத்தியானம் அவள் வீட்டு அடுப்படியிலிருந்து இஜாபே சத்தம் கேட்டால் தெருவே பசித்துப்போகும். இது வெறும் பெருமைப் பேச்சில்லை. பிள்ளைகள் கிண்ணத்தோடு வந்து நிற்பதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

மிஷினில் அடிக்கிறவர்களை அவள் விட்டு வைத்ததே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக் குபுராத் ஹஜ்ஜம்மா, ஐஸ் மீன் வியாபாரம் பண்ணுகிறவள், தன் மகள் கல்யாணத்துக்கு இவ்வளவு பேருக்குக் கையால் கடைய முடியுமா என்று மிஷினில் அடித்துவிட்டாள். ஆயோகா அம்மாள் பந்தி நடுவில் ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, நுரையை எல்லோருக்கும் காட்டி, "இது எவேடு இல்ல, ஷாம்பூ. நான் இதைத் தலைக்குத்தான் போடுவேன்" என்றாள். கல்யாண வீடே சிரித்தது. ஹஜ்ஜம்மா மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பாத்திரத்தைத் தூக்கி உள்ளே வைத்தாள். அதிலிருந்து அவள் தலை பின்ன வேறு தெருவுக்குப் போகிறாள்.

அப்படிப்பட்ட வாய்க்குச் சொந்தக்காரியின் வலது மணிக்கட்டு போன மழைக்காலத்தில் மக்கர் பண்ணத் தொடங்கியது. பின்னுவதற்கு விரல் போதும், அதனால் பிழைப்பு ஓடியது. கடைவதற்கு மணிக்கட்டு சுழல வேண்டும். நாலு சுற்றுக்குள் முழங்கைவரை நெருப்பாக எரிந்தது. வெளியில் சொல்லவும் முடியாது. ஆயோகாவுக்குக் கை போய்விட்டது என்று ஒரு தலைக்குத் தெரிந்தால் தெருவிலிருக்கும் எல்லாத் தலைக்கும் தெரியும். கை போனவளிடம் யார் தலையைக் கொடுப்பார்கள்? போதாக்குறைக்கு அந்த ஷாம்பூப் பேச்சு வேறு. வட்டியோடு திரும்பி வரும்.

ஆகவே ரகசியமாக ஒரு மிஷின் வாங்கினாள். பார்க்க அழகாக, வெள்ளையாக, பேனா மாதிரி ஒல்லியாக இருந்தது. அதை வைத்துக் கடைந்தபோது அவள் பானையிலேயே நுரை பொங்கியது, கீரை துண்டு துண்டாக வெட்டுப்பட்டு இழை அறுந்தது. ஷாம்பூவேதான். பயறு கடைய விட்டபோது புகைந்து உயிரை விட்டது. அதை மூட்டை கட்டிக்கொண்டு இக்கென்னாவிடம் சண்டைக்குப் போனாள்.

அவன் பொறுமையாக விளக்கினான். அது வீட்டு மிஷின், ஒரு நிமிஷம் ஓடினால் கொஞ்ச நேரம் மூச்சு வாங்க வேண்டும். மோட்டாரில் பலம் இல்லாததால் வேகத்தில் ஈடுகட்டப் பார்க்கிறது, அதனால்தான் நுரை. மெதுவாகச் சுற்றியும் திணறாமல் கடைய வேண்டுமென்றால் ஓட்டல்காரர்கள் வைத்திருக்கிறதுதான் சரி. மிஷின் தனக்கில்லை, அபேயோகுட்டாவில் இருக்கும் தங்கைக்கு என்று ஆயோகா அம்மாள் சொல்லியிருந்தாள். இக்கென்னா அவள் வலது கையைப் பார்த்தான்.

"உங்க தங்கச்சிக்கு மணிக்கட்டு வலியா மம்மி?"

"அவளுக்கு உடம்பு பூரா வலி. நீ பிளக்கைப் போடு."

அன்று தொடங்கியதுதான் இந்தப் பானைப் படையெடுப்பு. வாரத்துக்கு ஒன்றாக ஓட்டல் மிஷின்களைப் பிடித்து விசாரித்தாள். ஒன்றில் பிளேடு பூட்டிய கால் குட்டை, பானையின் அடியைத் தொடவில்லை. ஒன்று மெதுவாகச் சுற்றவே மாட்டேன் என்றது. கனமான மிஷின் கைக்கு ஆகாது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். வைத்துப் பார்த்தால் நேர்மாறு. லேசானதைப் பானைக்குள் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கனமானது தன் பாரத்தில் தானே கீழே போய் நின்றது. இரண்டு உள்ளங்கையிலும் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், மணிக்கட்டுக்கு வேலையே இல்லை. அகப்பையை உயர்த்தினாள், இழை தொங்கியது. கூட்டம் கூடிப் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர்கள் கைதட்டினார்கள். போன் பேசுவதாக நடித்தவர்கூடத் தட்டினார்.

ஆனால் அவள் வாங்கவில்லை. சத்தம் பெரிய சத்தமாக இருந்தது. வீட்டில் ஓட்டினால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். கேட்காமல் இருக்க ஒரே வழிதான் உண்டு. கரண்ட் போன உடனே ஹஜ்ஜம்மா மீன் கெட்டுவிடும் என்று ஜெனரேட்டரைப் போட்டுவிடுவாள், அந்த இரைச்சலில் இடி விழுந்தாலும் தெரியாது. ஆனால் கரண்ட் போனால் மிஷின் எப்படி ஓடும்? கரண்ட் இருந்தால் ஜெனரேட்டர் இல்லை, ஜெனரேட்டர் இருந்தால் கரண்ட் இல்லை. இந்தச் சிக்கலை யாரிடமும் சொல்லி யோசனை கேட்கவும் முடியாமல் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பின்னிக்கொண்டிருந்த தலைகள் அந்த நாட்களில் நிம்மதியாக இருந்தன.

கடைசியில், ஓட்டல்காரர் ஒருவர் சொல்லிவைத்துவிட்டு எடுத்துப் போகாத மிஷின் ஒன்றை இக்கென்னா உள்ளேயிருந்து கொண்டுவந்தான். சுவரில் துளை போடுகிற மிஷின் பருமன், முழங்கை நீளத்துக்கு எஃகுக் கால், வேகத்தைக் குறைக்கத் திருகு, அடியில் பேட்டரி. சார்ஜ் ஏற்றி வைத்தால் ஒயர் வேண்டாம். அவள் அதைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் வாங்கிக்கொண்டாள். அதன் விலைக்காக அந்த வருஷம் இரண்டு கல்யாணங்களுக்கு, போகிறவர்கள் எல்லோரும் எடுக்கிற ஒரேமாதிரித் துணியை எடுக்காமல், காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே படுத்துக்கொண்டாள்.

இப்போது இபாடானிலேயே கரண்ட் போனால் சந்தோஷப்படுகிற ஒரே பெண் அவள்தான். தெரு முழுக்க மின்சாரக்காரர்களைத் திட்டும், இவள் முகம் மலரும். ஜெனரேட்டர் உறுமினதும் பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே ஓடுவாள். கடைந்து முடிந்ததும் சும்மா கிடந்த இஜாபேயைப் பானையில் ஒரு முக்கு முக்கி, எடுத்துவந்து எல்லோரும் பார்க்கக் குழாயடியில் தட்டித் தட்டிக் கழுவுவாள். கரண்ட் போகாத நாளில் வீட்டில் எவேடு கிடையாது. லாரி ஓட்டி ஓய்ந்த அவள் புருஷன் ஒருநாள் தட்டைப் பார்த்துவிட்டு, "இந்த வாரம் பூராக் கரண்ட் போகல. நாம இப்படியே வெண்டைக்காயா?" என்று கேட்டார். அவள் பார்த்த பார்வையில் அவர் வெண்டைக்காயைச் சாப்பிட்டார்.

போன சனிக்கிழமை மகள் சிம்போவுக்குச் சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சிம்போவின் அம்மா கை எவேடுவைச் சாப்பிட்டுவிட்டுத்தான் மற்ற பேச்சு என்று மாப்பிள்ளையின் அப்பா சொல்லியனுப்பியிருந்தார். காலையிலிருந்தே தெருப் பெண்கள் முற்றத்தில் உட்கார்ந்து கறி வெட்டிக்கொண்டும் அமாலா மாவு சலித்துக்கொண்டும் இருந்தார்கள். ஹஜ்ஜம்மா வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், தன் வீட்டு முற்றத்தில் மீன் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கீரை வெந்து காத்திருந்தது. கரண்ட் போகவில்லை. ஆயோகா அம்மாள் அடுப்படியில் நின்று பல்பைப் பார்த்துப் பார்த்து வியர்த்தாள். பெற்ற மகளுக்குக்கூட அவ்வளவு வேண்டிக்கொண்டிருக்கமாட்டாள். மாப்பிள்ளை வீட்டுக் கார்கள் கிளம்பிவிட்டதாகப் போன் வந்த பிறகு, ஒருவழியாகப் பல்பு அணைந்தது. ஹஜ்ஜம்மாவின் மருமகன் கயிற்றை இழுத்து ஜெனரேட்டரைப் போட்டான். இவள் கதவைச் சாத்தி, மிஷினை எடுத்துப் பெரிய பானைக்குள் இறக்கினாள்.

பாதிகூடக் கடைந்திருக்க மாட்டாள். பல்பு எரிந்தது. தெருப் பிள்ளைகள் கரண்ட் வந்துவிட்டதென்று கத்தினார்கள். அந்தக் கூச்சல் அடங்குவதற்குள் மருமகன் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டான். திடீரென்று விழுந்த அமைதியில் மிஷினின் ரீங்காரம் மட்டும் தனியாகக் கேட்டது. அவள் விரலை எடுப்பதற்குள் அது கேட்கவேண்டிய காதுகளுக்கெல்லாம் கேட்டுவிட்டது.

முற்றத்தில் பேச்சு நின்றது. "சிம்போ அம்மா, உள்ள என்ன சத்தம் அது?" என்று ஒருத்தி குரல் கொடுத்தாள்.

ஆயோகா அம்மாள் குனிந்து பானைக்குள் பார்த்தாள். பானையில் கீரை பாதி இலையும் பாதி குழம்புமாகக் கிடந்தது. அதை இலையோடு பரிமாறவும் முடியாது, கையால் கடையவும் முடியாது. மகள் சம்பந்தம் பேசுகிற நாளில் இப்படி நிற்கும்படி ஆயிற்றே. தலையைத் தூக்கினால் சன்னலுக்கு நேரே, இடுப்பளவுச் சுவருக்கு மேலே, ஹஜ்ஜம்மாவின் முகம். அவள் இவளைப் பார்த்தாள். இரண்டு கையிலும் பிடித்திருந்த, பச்சையாகச் சொட்டிக்கொண்டிருந்த மிஷினையும் பார்த்தாள்.

ஒரு வார்த்தை போதும். அந்தக் கல்யாண வீட்டுச் சிரிப்பு முழுவதையும் ஹஜ்ஜம்மா அப்போதே திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆயோகா அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு அதற்காகக் காத்து நின்றாள்.

"என் ஃப்ரீசர்தான் முனகுது" என்றாள் ஹஜ்ஜம்மா, முற்றத்துப் பெண்களுக்குக் கேட்கும்படி.

இவள் கண்ணைத் திறந்தபோது ஹஜ்ஜம்மா ஜெனரேட்டர் பக்கம் குனிந்திருந்தாள். அவள் அதை இழுத்து யாரும் பார்த்ததில்லை, அது மருமகன் வேலை. முதல் இழுப்பில் இருமிவிட்டு நின்றது. இரண்டாவது இழுப்பில் கயிறு கையைவிட்டு நழுவியது. முக்காட்டை அவிழ்த்து உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு, காலை ஊன்றி மூன்றாம் முறை இழுத்தாள். அது பிடித்துக்கொண்டு உறுமியது.

"கரண்டுதான் வந்திருச்சே ஹஜ்ஜம்மா" என்று முற்றத்திலிருந்து கத்தினார்கள்.

"என் மீனு இந்தக் கரண்டை நம்பாது" என்று அவளும் கத்தினாள்.

ஆயோகா அம்மாளின் தலைக்கு மேல் பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. ஹஜ்ஜம்மா ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து ஜெனரேட்டர் பக்கத்தில் போட்டு, இந்தச் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.