மூக்கு நுனியில் ஒரு புள்ளி

முடிச்சூர் ரோட்டில் பேனர் அடிக்கும் வாஜித், கீழ்க்கட்டளையில் டிசைன் வேலை கற்றுக்கொண்டு வந்து சொந்தமாகக் கடை போட்டவன். ஒரு பேனர் மாதிரி இன்னொன்று இருக்கக் கூடாது என்று அவனுக்கு ஒரு பிடிவாதம். அதனால்தான் ஏரியாவே பயப்படும் விக்கி, பிறந்த நாள் பேனருக்கு அவனிடம் ஆள் அனுப்பினான். இதுவரை யாரும் வைக்காததாக இருக்க வேண்டுமாம்.

வாஜித் விக்கி படத்தின் நிறங்களைத் தலைகீழாக்கினான். மூக்கு நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தான். கண் கொட்டாமல் அதைப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால், கண்ணில் ஒட்டிய பிம்பம் அங்கே அசல் நிறத்தில் தெரியும். அடியில் அப்படியே எழுதியும் வைத்தான். இதையெல்லாம் நின்று யார் படிப்பார்கள் என்று அவன் மனைவி ஷாயிஸ்தா கேட்டாள்.

யாரும் படிக்கவில்லை. நீல முகம், வெளுத்த முடி, கறுத்த பற்கள். வெள்ளத்தில் ஊறின பிணம். உயிரோடு இருப்பவனுக்குக் கண்ணீர் அஞ்சலி வைத்துவிட்டான் என்று காலையிலேயே பேச்சு பரவிவிட்டது.

விக்கி ஆட்களோடு வந்து இறங்கினான். கடைக் கண்ணாடி முதலில் போனது. அடுத்து கம்ப்யூட்டர், அதற்கடுத்து வாஜித்தின் மூக்கு. பிடுங்கி வந்த பேனரைக் கடையின் வெள்ளைச் சுவர் ஓரமாகச் சாய்த்தார்கள். ஒருவன் வாஜித்தின் பிடரியை அழுத்தி முகத்தை பேனருக்கு நேராகப் பிடித்தான். விக்கி இரும்புக் குழாயை எடுத்தான்.

"எந்தக் கைல டிசைன் பண்ணே?"

இன்னொருவன் வலது கையை மேசையில் விரித்துப் பிடித்தான்.

"புள்ளியைப் பாருங்கண்ணா. அப்புறம் செவுத்தைப் பாருங்க. நீங்க தெரியலைன்னா கையை உடைச்சுக்குங்க."

"மேஜிக் காட்டுறாரு பாய்" என்றான் பிடரிக்காரன்.

விக்கி கண்ணில் நீர் முட்டும்வரை பார்த்தான். பிறகு சுவருக்குத் திரும்பினான். குழாய் தாழ்ந்தது.

"டேய், நான்தான்டா. சிரிச்சுகினு கீறேன்."

கையை அழுத்தியிருந்த பிடி தளர்ந்தது. வாஜித்துக்கு மூச்சு வந்தது.

விக்கி சுவரை நெருங்கிக் கையால் தடவினான். அவன் சிரிப்பு நின்றது.

"இன்னாடா, கரைஞ்சு போறேன்?"

அது அப்படித்தான், மறுபடி பார்த்தால் மறுபடி வரும் என்று வாஜித் குழறிக் குழறிச் சொன்னான்.

"பொறந்த நாளும் அதுவுமா என்னைக் காணாம பண்ட்டியேடா."

குழாய் இறங்கியது. மறுபடி இறங்கியது. விரல்கள் நொறுங்கின. பிடரியை விட்டார்கள். இத்தனை நேரம் புள்ளியை விட்டு நகர முடியாமல் இருந்த வாஜித்தின் கண்கள் சுவரில் போய் விழுந்தன. அங்கே விக்கி வெள்ளைச் சட்டையில், பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். நிறம் சுத்தமாக வந்திருந்தது.