உறையூர்ச் சாயத் தண்ணீரும் டெல்பினும்

என் தங்கை டெல்பின் உறையூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறாள். சாயம் போடுவது அவள் வேலையல்ல. போட்ட சாயத்தைக் கழிவுநீரிலிருந்து எடுப்பதுதான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி, வேதியியல். நான் எட்டாம் வகுப்போடு தையலுக்குப் போனவன். ஆனாலும் அவள் வேலையை வரிசை பிசகாமல் சொல்வேன்: முதலில் அமிலம், அடுத்து இரும்பு உப்பு, அதன் பிறகு பெராக்சைடு. இரும்பும் பெராக்சைடும் சேர்ந்து சாயத்தை உடைத்துவிடும். கடைசியில் சுண்ணாம்பு. காவிச் சேறு அடியில் தங்க, மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும்.

லால்குடியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடமும் இதைச் சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு சமைக்குமா?" என்றார். "ஒரே நேரத்துல ஐயாயிரம் லிட்டர்" என்றேன். அவர்கள் மறுபடி வரவில்லை.

போன மார்ச்சில் பட்டறைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. அடுத்த மாதிரித் தண்ணீரும் தேறாவிட்டால் கரண்டைத் துண்டித்துவிடுவார்கள். பதினொரு பேருக்கு வேலை போய்விடும், டெல்பினுக்கும்தான்.

மாதிரி எடுக்கும் நாள் காலை டெல்பின் போன் செய்தாள். "அண்ணே, இங்க கிழங்கு தீர்ந்துடுச்சு. உருளைக்கிழங்கு ஒண்ணு எடுத்துட்டு வாங்க."

அது எதற்கென்று எனக்குத் தெரியும். தண்ணீரில் பெராக்சைடு மிச்சமிருந்தால் கிழங்குத் துண்டு நுரைக்கும். அந்த மிச்சத்தோடு மாதிரி போனால், பரிசோதனையில் அதுவும் அழுக்காகவே கணக்காகும்.

பரிசோதனைக்குப் போகிற பொருளில் மண் இருக்கலாமா? மூன்று முறை கழுவி, குக்கரில் மூன்று விசில் விட்டு, தோலுரித்து, டிபன் டப்பாவில் எடுத்துப்போனேன்.

பத்து ஐம்பதுக்கு வாரிய அதிகாரி சம்ரீன் மேடம் மாதிரி எடுக்கும் பாட்டிலோடு வந்துவிட்டார். டெல்பின் தெளிந்த தண்ணீரை ஒரு குவளையில் மொண்டு, அவசரமாக ஒரு துண்டைப் போட்டாள். ஒரு குமிழிகூட வரவில்லை.

முதலாளி ரத்தினவேல் கைதட்டினார். "பாஸ்! பாட்டில நீட்டுங்க மேடம்!"

டெல்பின் அசையவில்லை. "கொஞ்சம்கூட நுரைக்கலையே? பெராக்சைடு ஊத்தி நேரமே ஆகலையே." துண்டை எடுத்து விரலால் அழுத்தினாள். மாவாக நசுங்கியது.

"அண்ணே, இத வேக வச்சீங்களா?"

"நல்லா வெந்திருக்கும்மா" என்றேன்.

"வெந்தா நுரைக்க வைக்கிற சத்து செத்துப் போயிடும்ணே!"

எதிரிலிருந்த மெஸ்ஸுக்கு ஓடிப் பச்சைக் கிழங்கு வாங்கி வந்தேன். போட்டதும் குவளை சோடா போலப் பொங்கியது.

ரத்தினவேல் தலையில் கை வைத்தார். "ஒரு மூட்டைக் கிழங்க அரைச்சு ஊத்திடலாமாம்மா?"

"கிழங்கும் அழுக்குக் கணக்குலதான் சேரும், முதலாளி. காத்தடிச்சுக் கலக்கி வச்சா தானா போயிடும். நேரம்தான் வேணும்."

"மேடம் போயிட்டா?"

"இப்பக் குடுத்தா தேறாது. அப்பவும் கரண்ட் போகும்."

சம்ரீன் மேடம் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். "நாலு மணி வரைக்கும் எனக்கு இங்கதான் வேலை. அந்த வெந்த கிழங்குக்கு உப்பு, மொளகாப்பொடி இருக்கா?"

டெல்பின் கால்மணிக்கு ஒரு துண்டு போட்டுப் பார்த்தாள். மூன்று பத்துக்குப் போட்ட துண்டு சும்மா கிடந்தது. சந்தேகத்துக்கு இன்னொன்று போட்டாள், அதுவும் அப்படியே. அதன் பிறகுதான் பாட்டிலுக்குக் கை நீட்டினாள்.

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. எல்லாம் வரம்புக்குள். ரத்தினவேல் அந்தத் தாளைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார். கீழே டெல்பின் பெயர் இல்லையே என்று கேட்டேன். அன்று மாலையே பெயின்டரை வரவழைத்து எழுதவைத்தார். எழுத்து நேராக இருக்கிறதா என்று நான் அளவு நாடா வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.