முண்டும் முடிச்சுமாகக் காய்த்த பப்பாளி

என் மனைவியை எல்லோரும் ‘கண்டக்டர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்தில் டிக்கெட் கிழித்தே காலம் தள்ளியவள், ஓய்வு பெற்றதும் எங்கள் மணல் நிலத்தில் பப்பாளி நட்டாள். தையல்காரனான எனக்கு மண்ணைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. பாய்ச்சச் சொன்னால் தண்ணீர் பாய்ச்சுவேன், அவ்வளவுதான்.

மரங்கள் வாட்டசாட்டமாக வளர்ந்தன. காய்கள்தான் காலை வாரிவிட்டன. அடிபட்ட முகம் மாதிரி முண்டும் முடிச்சுமாக வீங்கி, தோலில் பால் வடிந்து காய்ந்திருந்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளே விதைகூடச் சரியாகப் பிடிக்கவில்லை. பக்கத்து நிலத்தில் பப்பாளி போட்டிருந்த அவள் அண்ணன் வந்து பார்த்தார்.

“இது வைரஸ் பாப்பா. எல்லாத்தையும் பிடுங்கிப் போடு. என் மரத்துலயும் ஒண்ணு ரெண்டு இப்படித் தெரியுது.”

“என்னன்னு தெரியாம ஒரு மரத்தைக்கூடத் தொட மாட்டேன் அண்ணே.”

இலைக்காம்புகளைப் பறித்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு வேளாண் பரிசோதனை நிலையத்துக்குப் போனாள். நாங்கள் மறுமுறை போனபோது, சோதித்துப் பார்த்த அதிகாரியம்மா விஷயத்தைச் சொன்னார்.

“வைரஸ் இல்லம்மா, போரான் சத்து குறைச்சல். மணல்ல தண்ணியோட சேர்ந்து கரைஞ்சு கீழ போயிடும். வெண்காரம், அதான் போராக்ஸ், அதைக் கரைச்சுத் தெளிங்க.”

“கரப்பான்பூச்சிக்குப் போடுவாங்களே, அந்தப் பவுடரா?” என்றேன்.

“அதுக்குச் சொந்தக்காரன்தான் சார்!” என்று சிரித்தார். “ஆனா துளிதான் வேணும். கூடிப்போனா இலை கருகிடும். கோணலான காய் இனி நேராகாது. புதுசா வர்றது நல்லா வரும்.”

என் மனைவி அவர் சொன்ன அளவை நகைக்கடைக்காரர் போல நிறுத்துக் கரைத்துத் தெளித்தாள். மச்சானுக்குப் பொறுக்கவில்லை.

“இவ்வளவு பெரிய மரத்துக்கு இந்தத் துளி எந்த மூலைக்கு?” என்று தன் மரங்களின் வேரில் கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டிவிட்டார். கொஞ்ச நாளில் இலைகளின் ஓரமெல்லாம் மஞ்சளாகிக் கருகின.

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். இன்றைக்கு அண்ணனுக்குச் சரியான பூசை என்று நினைத்தேன். அவளோ அதிகாரிக்குப் போன் செய்து கேட்டாள். பிறகு எங்கள் மோட்டாரைப் போட்டு, குழாயை அவர் நிலத்துக்குத் திருப்பினாள்.

“நல்லா தண்ணி கட்டினா, கூடிப்போனது கீழ இறங்கிடுமாம். கவலைப்படாதீங்க அண்ணே.”

சில மரங்கள் போயின, மற்றவை துளிர்த்தன. எங்கள் தோட்டத்தில் புதிதாக இறங்கிய காய்கள் வழவழவென்று இருந்தன. பழ வியாபாரி தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றைக்கூட ஒதுக்கவில்லை.

விவசாயிகள் கூட்டத்தில் பேச அதிகாரியம்மா அவளைக் கூப்பிட்டார். மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பேருந்தின் கடைசி சீட்டுக்கும் கேட்கிற குரலில் ஆரம்பித்தாள். அண்ணன் செய்த கூத்தை மட்டும் சொல்லவேயில்லை.

என் பக்கத்தில் இருந்தவர் கேட்டார், “யாரு சார் இவங்க? இவ்வளவு தெளிவா சொல்றாங்க?”

“என் வீட்டுக்காரம்மா,” என்றேன், தேவைக்குக் கொஞ்சம் அதிகச் சத்தமாகவே.

முன்வரிசையிலிருந்து மச்சான் திரும்பினார். “என் தங்கச்சி!”