செக் இன்ஜினியர் கற்றுக்கொண்ட வெற்றி வார்த்தைகள்

மூன்று வருடத்துக்கு முன்பு கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் பயிற்சிப் பிரிவில் வேலை பார்த்தேன். எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள் என்பதால் ஆங்கிலத்தில் எது இருந்தாலும் என் தலையில்தான் விழும். மெயில், சுற்றறிக்கை, கேன்டீன் சுவரில் ஒட்டுகிற போர்டு வரைக்கும். அப்படித்தான் ஒரு நாள் செக் நாட்டு இன்ஜினியர் ஒருவரும் என் மேஜைக்கு வந்து சேர்ந்தார்.

அவர் ஊரிலிருந்து பெரிய மிஷின் ஒன்று வந்திருந்தது. அதை நிறுவி ஓடவைத்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. ஆள் நல்ல உயரம். சிரித்து நான் பார்த்ததில்லை. போல்ட், பேரிங், அலைன்மென்ட் என்று மிஷின் ஆங்கிலமெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் திறப்பு விழாவில் பேச வேண்டும் என்றதும் மனிதர் ஆடிப்போய்விட்டார். வெற்றி, சாதனை பற்றியெல்லாம் பேச எனக்கு வார்த்தையே தெரியாது, சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார். அவர்கள் ஊரில் வேலை பிரமாதமாக இருந்தால் 'மோசமில்லை' என்பார்களாம். அதற்கு மேல் பாராட்டே கிடையாதாம்.

நம் ஆட்கள் 'பரவால்லப்பா' என்பதும் அதேதானே என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். எங்கே தோன்றியது? டீச்சர் வேஷம் போட ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நான் சக்ஸஸ், அச்சீவ்மென்ட், மைல்ஸ்டோன் என்று அடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

மதியச் சாப்பாட்டு வேளையில் பாடம் நடக்கும். சக்ஸஸுக்கும் அச்சீவ்மென்ட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு நாள் கேட்டார். முதலாவது அதிர்ஷ்டத்தில்கூட வரும், இரண்டாவது பாடுபட்டால்தான் வரும் என்றேன். ஜன்னல் வழியே பார்த்தார். மிஷின் வேலைக்கு வந்திருந்த கான்ட்ராக்ட் ஆட்கள் நாலு பேர் வெளியே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்கள். "அப்படியென்றால் அவர்களுக்கு இரண்டாவது வார்த்தை" என்றார்.

விழா மேடையில் அந்த நாலு பேரையும் பெயர் சொல்லிப் பாராட்டுவதுதான் அவர் திட்டம். முக்கியமாக அவர்களில் ஒரு ஃபிட்டரை. அந்த ஃபிட்டர் பெயரில் 'ழ' வரும். எங்கள் மேனேஜருக்கே சரியாக வராத 'ழ', சொல்லிச் சொல்லிப் பார்த்து இவருக்கு வந்துவிட்டது. அவர்கள் மொழியிலும் வெளியாட்கள் நாக்கைச் சுளுக்க வைக்கிற ஓர் எழுத்து உண்டாம். விழா வரை இதை யாரிடமும் சொல்லாதீர்கள், அவர்கள் முகத்தை மேடையிலிருந்து பார்க்க வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை.

ஆனால் வேலை நடக்கிற இடத்தில் அந்த நாலு பேர் கண்ட மனிதர் வேறு. அவர் கற்றுக்கொண்ட ஒரே தமிழ் வார்த்தை 'மறுபடி'. லெவல் ஒரு மயிரிழை தப்பினாலும் மறுபடி. பிரித்து மாட்டினாலும் மறுபடி. அதில் அதிகம் வாங்கிக்கட்டிக்கொண்டது அந்த ஃபிட்டர்தான்.

வேலை முடிந்த கடைசி நாள், அந்த நாலு பேரில் ஒருவரான மேஸ்திரி என்னிடம் வந்தார். "இன்னா மேடம், அந்தாளு மூஞ்சே சரியில்ல. எங்க வேல புடிக்கலியா? நம்ம ஃபிட்டரு சோறு தண்ணி இல்லாம பொலம்பிக்கினு கீறான்."

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. கொடுத்த வாக்கு தடுத்தது. "ஃபங்ஷனுக்கு நாலு பேரும் வாங்க, தெரியும்" என்று சிரித்தேன்.

விழா அன்று மிஷினுக்கு மாலை, சந்தனம், குங்குமம். பூசணிக்காயைச் செக் இன்ஜினியரையே உடைக்கச் சொன்னார்கள். அப்புறம் சால்வை. அவர் மைக் முன்னால் நின்று கூட்டத்தைத் துழாவியது எனக்குத் தெரிந்தது. மேடை ஓரம் நின்ற நானும் துழாவினேன். நாலு பேரையும் காணோம். வேறு வழியில்லாமல் பேசினார். நாலு பெயரையும் ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார். இது மிஷினின் வெற்றியில்லை, இவர்களின் சாதனை என்றார். முன்வரிசையில் இருந்த அதிகாரிகள் கைதட்டினார்கள். யாரைப் பற்றிப் பேச்சு என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது.

விழா முடிந்து போனை எடுத்துப் பார்த்தால் மேஸ்திரியிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். கேட்டுக்கு ஓடினேன். வேலை முடிந்த அன்றே கான்ட்ராக்ட் ஆட்களின் கேட் பாஸ் ரத்தாகிவிடும் என்றார் செக்யூரிட்டி. நாலு பேரும் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருக்கிறார்கள். உள்ளே விடவில்லை. எதிரே டீக்கடையில் வெகுநேரம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார்கள். வாங்க என்று சொன்ன எனக்கு, செக்யூரிட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கத் தோன்றவில்லை. மேஸ்திரியைத் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கோபம் போல என்று நானும் விட்டுவிட்டேன். செக் இன்ஜினியர் அன்றே ஊருக்குக் கிளம்பினார். காரில் ஏறும்போது, "அவர்களுக்கு வர விருப்பமில்லையோ?" என்று மட்டும் கேட்டார்.

சில மாதம் கழித்து கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் மேஸ்திரியைப் பார்த்தேன். நடந்ததையெல்லாம் கொட்டினேன். "நம்ம ஃபிட்டரு அந்த வேலையே வாணாம்னு வுட்டுட்டான் மேடம். நம்ம வேல சரியில்லன்னுதான் கேட்டோட தொர்த்திட்டாங்கன்னு அவனுக்கு நெனப்பு. இப்ப ஆரம்பாக்கத்துல ஷேர் ஆட்டோ ஓட்டிக்கினு கீறான்."

மேஸ்திரியிடம் நம்பர் வாங்கி, அங்கேயே நின்று அந்த ஃபிட்டருக்கு போன் போட்டேன். வீட்டில்தான் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மெய்யாலுமே எம் பேர சொன்னாரா?" என்றார்.

"சொன்னாருங்க. எல்லார் முன்னாடியும்."

"எங்க ஊட்ல கொஞ்சம் நீங்களே சொல்லுங்க மேடம். நான் சொன்னா நம்ப மாட்டா."

மனைவியிடம் போனைக் கொடுத்தார். நான் பாடம் நடத்திய வார்த்தையில் ஒன்றுகூட அங்கே உதவவில்லை. "உங்க வீட்டுக்காரர் வேலை ரொம்ப நல்ல வேலைன்னு அந்த வெளிநாட்டுக்காரர் மேடையில சொன்னாரும்மா" என்றேன்.

"அப்டிங்களா" என்றார் அந்தம்மா. பிறகு, கோபமே இல்லாமல், "அத அப்பவே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார்.

இப்போதெல்லாம் யார் வேலையாவது மனசுக்குப் பிடித்தால், வார்த்தை நன்றாக இருக்கிறதா என்றுகூட யோசிக்காமல் அங்கேயே சொல்லிவிடுகிறேன். சொல்லி முடிக்கிற ஒவ்வொரு முறையும் அந்தம்மாவின் குரல் காதில் கேட்காமல் இருப்பதில்லை.