மெட்ரோ வாசலில் கேட்கப்பட்ட ஜெபம்

அன்பானவர்களே, ஏறக்குறைய ஒரு வருடம் நான் ஏன் சபைக்கு வரவில்லை என்று பலர் கேட்டீர்கள். அலுவலகத்தில் வேலை அதிகம் என்று சொன்னேன். அது பொய். இன்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் ஜெபராஜ் எட்டு மாதம் படுக்கையில் கிடந்து கர்த்தரிடம் போனார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. காரியங்கள் முடிந்ததும், மார்த்தாண்டத்திலிருந்து வந்திருந்த என் அண்ணன், "ஊருக்கு வந்துரு பிள்ளே, இங்க ஒத்தையில என்ன செய்வ?" என்றார். எனக்கு இங்கே டெல்லியில் அரசு வேலை. ஓய்வு பெற இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது. வரவில்லை என்றேன். அவரை ரயிலேற்றிவிட்டு துவாரகா வீட்டுக்குத் திரும்பிக் கதவைத் திறந்தபோதுதான், நான் என்ன சொல்லிவிட்டேன் என்பது புரிந்தது.

அந்த எட்டு மாதமும் அவருடைய மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தவள் நான். சத்தம் சற்று மாறினால் ஓடுவேன். அவர் போன பிறகும் என் உடம்பு அதை விடவில்லை. குக்கர் விசிலடித்தால்கூடத் தூக்கிவாரிப் போடும்.

கடந்த நவம்பரில் ஒரு காலை, அலுவலகம் போகும் வழியில் மூச்சு முட்டியது. டெல்லியில் நவம்பர் என்றால் உங்களுக்குத் தெரியுமே, புகைமூட்டம்தான் என்று நினைத்தேன். ராஜீவ் சௌக் நிலையத்துக்கு முன்னால் மெட்ரோ பூமிக்குள் இறங்கியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. விரல்கள் மரத்தன. இதோ சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். பக்கத்தில் நின்ற பெண், "ஆன்ட்டி, டீக் ஹோ?" என்று கேட்டாள். "டீக், டீக்", நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

மருத்துவமனையில் இசிஜி எடுத்தார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது மறுநாளும் வந்தது. ஜனவரியில் ரயில் ஏறும் முன்பே வர ஆரம்பித்தது. விடுப்பெல்லாம் தீர்ந்தது.

முழங்காலில் நின்று அழுதேன். பதில் இல்லை. உண்மையான விசுவாசி இப்படி நடுங்குவாளா என்று என்னை நானே கேட்டேன். அந்தக் கேள்வியை உங்கள் வாயிலிருந்தும் கேட்டுவிடுவேனோ என்று பயந்துதான் சபைக்கு வரவில்லை. வெள்ளி மாலை அலுவலகத்தை விட்டால் திங்கள் காலை வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேச மாட்டேன். திங்கட்கிழமை பேச வாயைத் திறந்தால் குரல் கரகரக்கும்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். அந்த நாட்களில் என்னைத் தொட்ட ஒரே மனிதக் கை, மெட்ரோ வாசலில் திரைக்குள் பெண்களைச் சோதிக்கும் காவலரின் கைதான்.

பிப்ரவரியில் ஒரு நாள் ராஜினாமாக் கடிதத்தை எழுதிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வேலையை விட்டபின் என்ன செய்வேன் என்று தெரியாது. வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே கிடப்பேன், அவ்வளவுதான். சோதனை வரிசையில் நிற்கும்போதே நடுக்கம் வந்துவிட்டது. திரைக்குள் போய்க் கைகளை விரித்து நின்றேன். என்னை அறியாமல் வாய்விட்டே சொல்லிவிட்டேன்: "இயேசப்பா, யாராவது ஒருத்தர் என் கையப் பிடிக்கணும்."

காவலரின் கை அப்படியே நின்றது.

"அக்கா, தமிழா?"

நிமிர்ந்து பார்த்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். காக்கி உடுப்பு.

"ஒரு மாசமா பாக்குறேன்க்கா. உங்க ஒடம்பு தெனம் இப்டிதான் நடுங்குது. எதுனா கேட்டா தப்பா எடுத்துக்குவீங்களோன்னு இருந்தேன்."

"ஒண்ணுமில்ல மக்களே" என்றேன், எங்கள் ஊரில் பிள்ளைகளை அழைப்பதுபோல. சொல்லும்போதே அழுதுவிட்டேன். வெளியே வரிசையில், "ஜல்தி கரோ!", சீக்கிரம் ஆகட்டும் என்று யாரோ கத்தினார்கள். அவர் தன் இடத்தில் இன்னொரு காவலரை நிற்கச் சொல்லிவிட்டு, என்னை ஓரமாக உட்கார வைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். நான் அழுது முடிக்கும் வரை விடவில்லை.

அவர் பெயர் செண்பகம். ஊர் விழுப்புரம் பக்கம். "எங்கம்மா செத்தப்ப எனக்கும் இப்டி வந்துச்சுக்கா. டூட்டில நிக்கும்போதே காலு துவண்டுடும். இதுக்கு டாக்டர் இருக்காங்க. ரெண்டு மணிக்கு என் டூட்டி முடியுது, நானே கூட வர்றேன்" என்றார். வந்தார். கடிதம் அன்று பையிலேயே இருந்துவிட்டது.

அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு என்ற பலகையைப் பார்த்ததும் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. செண்பகம் என் முழங்கையை விடவில்லை. உள்ளே ஓர் இளம் பெண் மருத்துவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆன்ட்டிஜி, ஆப் கம்ஸோர் நஹீ ஹைன்" என்றார். நீங்கள் பலவீனமானவர் இல்லை என்று. ஆபத்து வந்தால் ஓடு என்று உடம்பை எழுப்பும் நரம்புகள் உண்டாம். அந்த எட்டு மாதத்தில் எழுந்தவை இன்னும் எழுந்தே நிற்கின்றன, ஆபத்து முடிந்துவிட்டது என்று அவற்றுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை என்றார். மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேறொரு நரம்பு இருக்கிறதாம், அதன் வேலை அமைதிப்படுத்துவது. மூச்சை மெல்ல, நீளமாக வெளியே விட்டால் அது வேலை செய்யும். பாடினாலும் செய்யும். நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருந்தாலும் செய்யும். சில மாதங்களுக்கு மாத்திரையும் தந்தார்.

அன்று வீட்டில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தேன். இந்த நரம்பையும் படைத்தவர் கர்த்தர்தானே. என் நடுக்கத்தைப் பார்த்து அவர் முகம் சுளித்திருப்பார் என்று நான் ஏன் நினைத்தேன்?

அதன்பின் தினமும் காலையில் ஜன்னலருகே நின்று ஒரு பாட்டு பாடிவிட்டுத்தான் கிளம்புகிறேன். முதல் வாரம் குரலே எழும்பவில்லை. ஏப்ரலில் ஒரு நாள் ராஜீவ் சௌக்கில் இறங்கி வேறு ரயிலுக்கு மாற நடந்துகொண்டிருந்தபோதுதான், இன்று பயமே வரவில்லையே என்பது உறைத்தது. அந்தக் கூட்டத்தின் நடுவே நின்று "ஸ்தோத்திரம்" என்றேன். இடித்துக்கொண்டு போனார்கள். போகட்டும்.

முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். போன செவ்வாய்க்கிழமைகூட வந்தது. உட்கார்ந்தேன், மூச்சை நீளமாக விட்டேன், ஜெபித்தேன், அலுவலகம் போய்ச் சேர்ந்தேன். செண்பகத்துக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. ஞாயிறுதோறும் போனில் பேசுவோம். அவர் கும்பிடுவது வேறு சாமி. ஆனாலும் என் ஆண்டவர் எனக்கு அனுப்பிய ஆள் அவர்தான், இதில் எனக்குச் சந்தேகமில்லை.

உங்களில் யாருக்காவது காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கிறதா? யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறீர்களா? வாய்விட்டு ஜெபியுங்கள், பக்கத்தில் இருப்பவர் காதில் விழும்படியே ஜெபியுங்கள். மருத்துவரிடமும் போங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் நான் கூட வருகிறேன். ஆராதனை முடிந்ததும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.