தவமலர் அச்சில் கேட்ட சொல்

"அக்காவுக்குக் கொஞ்சம் சீரியஸ் அண்ணை, உடனை வாங்கோ" என்று தவமலரின் தம்பி ஃபோனில் சொன்னபோது, அவர் இறந்து வெகுநேரமாகியிருந்தது. விம்பிள்டனில் டிராமுக்கு நின்றிருந்த நான் ஆஸ்பத்திரிக்கு அடித்துப்பிடித்து ஓடினேன். போய்ப் பார்த்தால் போர்வையை முகத்துக்கு மேலால் இழுத்து மூடியிருந்தார்கள். செத்ததைக்கூடச் செத்தது என்று சொல்ல வாய் வராத சனம் நாங்கள். அதுவும் தவமலருக்கு.

தெற்கு லண்டனில், வயதுவந்தோருக்கான ஒரு கல்லூரியில் அவர் பழைய சீனத் தத்துவம் படிப்பித்தார். பக்கத்து அறையில் நான் கணக்கியல். சொல்லுக்கும் பொருளுக்கும் என்ன உறவு என்பதுதான் அவருடைய துறை. வகுப்பு முடிந்து தோர்ண்டன் ஹீத் ரயிலில் எனக்கு ஓசியில் பாடம் நடக்கும். அந்தக் காலத்துச் சீனத்தில் ஒரு சாரார், பொருளுக்கேற்ற பெயர் இல்லாவிட்டால் வீடும் நாடும் குழம்பும் என்றார்களாம். இன்னொரு சாரார், கருத்துப் பிடிபட்டதும் சொல்லை விட்டுவிடலாம் என்றார்களாம். தவமலர் இரண்டாவது கட்சி. "முதல் கூட்டம் சரியான வாத்திமார் கூட்டம். பேரைத் திருத்தினால் ஊர் திருந்துமோ?" என்று சிரிப்பார்.

வருத்தம் வந்த பிறகு கட்சி மாறினார். மார்பில் புற்றுநோய். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று மருத்துவர் கேட்டதற்கு இல்லை என்றிருக்கிறார். பிறகுதான் யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மா அழுதழுது சொன்னார். தவமலரின் தாயைக் கொண்டுபோனதும் அதே நோய்தான். வீட்டில் அதற்கு வைத்திருந்த பெயர் நெஞ்சுச்சளி. "கருத்தைப் பிடிச்சவன்தான் சொல்லை விடலாம். எங்கடை வீட்டிலை சொல்லையும் விட்டு, பொருளையும் ஒளிச்சுப்போட்டினம். தெரிஞ்சிருந்தா நான் முந்தியே போய்க் காட்டியிருப்பன்" என்றார். தவமலர் அப்படிக் கோபப்பட்டு நான் அதற்குமுன் கண்டதில்லை.

தம்பிக்கு இரண்டு பெண்பிள்ளைகள். அவர்கள் போய்ச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்பதே தவமலருக்குக் கடைசிவரை இருந்த கவலை. ஆஸ்பத்திரியில் அவர்களிடம் சொல்லியும் பார்த்தார். "மாமிக்கு மருந்து மயக்கம், கண்டபடி கதைக்கிறா" என்று தம்பி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பார்க்க வந்த சனமோ, அவர் வாய் திறந்தாலே "அந்தக் கதை வேண்டாம் அக்கா, எல்லாம் சுகமாகும்" என்று ஜூஸ் பெட்டியை நீட்டியது. "என்ரை கல்வெட்டிலை நோயின்ரை பேரைப் போடுங்கோ. அச்சிலை வந்தா மயக்கம் எண்டு சொல்லேலாது. சனம் வாசிச்சா அதுகளின்ரை காதுக்கும் போகும்" என்று என்னிடம் கேட்டார்.

கல்வெட்டு என்பது எங்கள் ஆட்கள் முப்பத்தோராம் நாள் கொடுக்கும் நினைவு நூல். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நோயின் பெயரோடுதான் எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்ததில் "சிறிது காலம் சுகவீனமுற்றிருந்து இறைபதம் அடைந்தார்" என்றிருந்தது. போதாததற்கு, அவர் ஒருநாளும் வகிக்காத பேராசிரியர் பதவியும் பெயருக்கு முன்னால் ஏறியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முப்பத்தோராம் நாள் சாப்பாடு நடந்த கோலியர்ஸ் வுட் மண்டப வாசலில் தம்பியை மறித்துக் கேட்டேன்.

"அண்ணை, பெட்டையளுக்குக் கலியாணம் பேசுறம். பரம்பரை வருத்தம் எண்டு தெரிஞ்சா ஆர் எடுப்பினம்?"

"பிள்ளையள் உயிரோடை இருந்தாத்தானே கலியாணம்" என்றேன்.

"சாப்பாடு ஆறுது, வாங்கோ" என்று உள்ளே போய்விட்டார்.

மூத்த பிள்ளையிடம் நானே நேரில் சொன்னேன். "நோ அங்கிள், இன்பெக்‌ஷன் எண்டுதான் டாட் சொன்னவர்" என்று எனக்கு ஆறுதல் சொல்வதுபோலக் கையில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். தகப்பனை நம்புகிற பிள்ளையை நான் எப்படிக் குறை சொல்வது?

தவமலரைத் தெரிந்தவர்களே, அவருடையதென்று என்னிடம் மிஞ்சியிருப்பது கல்வெட்டிலிருந்து வெட்டி எறிந்த அந்த வரிதான். தவமலர் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அவருடைய தாயும் அதனாலேயே இறந்தார். அந்தப் பிள்ளைகள் இருவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. யாராவது வாசித்துக் காட்டுங்கள்.